வாளேந்தியவன் பணிவது ஏன்?

நீதிமன்றம் ஒன்று அரசுக்கு எதிராகத் தீர்ப்புக் கூறுகிறது. நீ இயற்றிய சட்டம் செல்லாது என்கிறது. அல்லது, நீ சிறையில் இட்டவனை விடுதலை செய் என்கிறது. அல்லது, நீ பறித்துக்கொண்ட நிலத்தைத் திருப்பிக் கொடு என்கிறது. இவ்வாறு கூறும் நீதிபதியிடம் படை இல்லை. கருவூலத்தின் திறவுகோலும் இல்லை. அவரிடம் இருப்பவை ஒரு தாளும் அதன் அடியில் ஒரு கையொப்பமுமே. தீர்ப்பைக் கேட்கும் அரசிடமோ படையும் இருக்கிறது, கருவூலமும் இருக்கிறது. ஆயினும் அரசு பணிய வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். ஏன் பணிய வேண்டும்? பணிய மறுத்தால் அதைத் தட்டிக் கேட்பவர் யார்?

அமெரிக்க அரசியலமைப்பை மக்கள் ஏற்றுக்கொள்ளுமாறு வாதிட்டு எழுதியவர்களுள் ஒருவரான அலெக்சாண்டர் ஹாமில்டன், 1788-ஆம் ஆண்டிலேயே இந்த நிலையைத் தெளிவாகக் கண்டார். ஆட்சித்துறையின் கையில் வாள் இருக்கிறது. சட்டமன்றத்தின் கையில் பணப்பை இருக்கிறது. நீதித்துறையிடம் இவ்விரண்டும் இல்லை, ஆய்ந்து தெளியும் அறிவு மட்டுமே உண்டு. தன் தீர்ப்பு நிறைவேறுவதற்குக் கூட அது ஆட்சித்துறையின் கையை எதிர்பார்த்தே நிற்க வேண்டும் என்பது அவர் கருத்து. அரசின் மூன்று துறைகளுள் நீதித்துறையே வலுவற்றது என்றார் அவர்.

இது சட்ட அறிஞர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய சிக்கல் என்று நாம் ஒதுங்கிவிடலாகாது. கட்டாயப்படுத்த ஆள் இருக்கும் இடத்தில் கீழ்ப்படிவது பெரும்பாலும் அச்சத்தின் செயல். கட்டாயப்படுத்த யாருமே இல்லாத இடத்தில் கீழ்ப்படிவதுதான் அறத்தின் செயல். அவ்வகையில், நீதிமன்றத்துக்கு அரசு பணிவது சட்டத்தின் பொருளாக இருப்பதைவிட அறவியலின் பொருளாகவே அதிகம் இருக்கிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமா அக்குவினாஸ், சட்டத்துக்கு இரண்டு ஆற்றல்கள் உண்டு என்று பிரித்துக் காட்டினார். ஒன்று வற்புறுத்தும் ஆற்றல். மற்றொன்று நெறிப்படுத்தும் ஆற்றல். குடிமகன் இவ்விரண்டுக்கும் உட்பட்டவன். அரசனோ வற்புறுத்தும் ஆற்றலுக்கு உட்பட்டவன் அல்லன். ஏனெனில் அவனைத் தண்டிக்க அவனுக்கு மேலே ஒருவரும் இல்லை. ஆனால் நெறிப்படுத்தும் ஆற்றலுக்கு அவன் தன் சொந்த விருப்பத்தால் தன்னை உட்படுத்திக்கொள்ள வேண்டும். இறைவனின் தீர்ப்பின் முன் அவன் இக்கடமையிலிருந்து விடுபட்டவன் அல்லன். மன்னராட்சிக் காலத்தில் எழுதப்பட்ட இக்கருத்து, நம் காலத்து முதலமைச்சருக்கும் பிரதமருக்கும் குடியரசுத் தலைவருக்கும் முற்றிலும் பொருந்துகிறது. இன்று அவர்களுக்கு மேலே தேர்தல் என்ற ஒன்று இருப்பது உண்மைதான். எனினும் தேர்தல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது. சிறையில் இருப்பவனுக்கு விடுதலை இன்றே வேண்டும்.

நம் தமிழ் மரபுக்கு இந்தச் சிந்தனை புதியதன்று. சிலப்பதிகாரத்துப் பாண்டியன், உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கப் பரல் தெறித்த கணமே தன் தவற்றை அறிந்தான். தன்னை அரசன் அல்லன் என்று தானே தீர்ப்பிட்டு உயிர் துறந்தான். அவனைத் தண்டிக்க வந்த படை எதுவும் இல்லை. எதிரே நின்றவள் கணவனை இழந்த ஒரு பெண். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே அரசனும் நீதிபதியும் ஒரே ஆள். பிழையைக் கண்டதும் அவன், அதற்காக வருந்தியதும் அவன். இன்றைய அரசுகள் இப்பொறுப்புகளை இருவரிடம் பிரித்துக் கொடுத்திருக்கின்றன. பிழையைக் காண்பவர் ஒருவர். அதைத் திருத்த வேண்டியவர் மற்றொருவர். இருவருக்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் எத்தனையோ மனிதர்களின் வாழ்வு சிக்கிக்கொள்ளக்கூடும். அப்படிச் சிக்கிக்கொண்ட ஓர் இனத்தின் வரலாற்றை இங்கே சற்று விரிவாகக் காண்போம்.

ஜார்ஜியாவில் நடந்தது

நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஒன்று அரசியலமைப்புக்கு முரணானது என்றால் அது செல்லாது என அறிவிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்பதை, அமெரிக்க உச்சநீதிமன்றம் 1803-இல் மார்பரி என்பவர் தொடுத்த வழக்கில் நிலைநாட்டியது. அத்தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல். தீர்ப்பு நுட்பமானது. அரசு செய்தது தவறு என்று கூறிவிட்டு, அதைத் திருத்துமாறு ஆணையிடும் அதிகாரத்தைத் தனக்கு அளித்த சட்டப்பிரிவே செல்லாதது என்று முடித்தது. ஆகவே அன்றைய அரசு அத்தீர்ப்பை மீறுவதற்கு வாய்ப்பே எழவில்லை.

இருபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே மார்ஷலின் முன் வந்த ஒரு வழக்கு இத்தகையதாக இல்லை. ஜார்ஜியா மாநிலத்தின் எல்லைக்குள் செரோக்கி என்னும் பழங்குடி மக்கள் தங்கள் மூதாதையரின் நிலத்தில் வாழ்ந்து வந்தனர். அவர்களுடைய மொழிக்குச் செக்கோயா என்பவர் எழுத்து அமைத்துக் கொடுத்திருந்தார். 1827-இல் அவர்கள் எழுத்து வடிவிலான அரசியலமைப்பு ஒன்றை ஏற்றனர். 1828-இல் தங்கள் மொழியிலும் ஆங்கிலத்திலும் ஒரு செய்தித்தாளைத் தொடங்கினர். அமெரிக்க அரசுடன் அவர்கள் செய்துகொண்ட உடன்படிக்கைகள் அவர்களுடைய நிலத்துக்குப் பாதுகாப்பு அளித்தன. ஆனால் அந்த நிலத்தில் பொன் கிடைத்தது. பருத்தி விளைவிக்கவும் நிலம் தேவைப்பட்டது. 1830-இல் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சனின் முயற்சியால், கிழக்கிலுள்ள பழங்குடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அகற்ற வகைசெய்யும் சட்டம் நிறைவேறியது.

செரோக்கியர் நடுவே சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த சாமுவேல் வூஸ்டர் என்ற மறைப்பணியாளர் வாழ்ந்துவந்தார். அம்மக்களின் மொழியைக் கற்று, அவர்களுடைய அச்சகத்துக்கு உதவி, விவிலியப் பகுதிகளை அம்மொழியில் பெயர்த்தவர் அவர். இத்தகையோர் அங்கே இருப்பதை ஜார்ஜியா அரசு விரும்பவில்லை. செரோக்கி நிலத்தில் வாழும் வெள்ளையர்கள் மாநில அரசுக்கு உறுதிமொழி கொடுத்து உரிமம் பெற வேண்டும் என்று ஒரு சட்டம் இயற்றியது. வூஸ்டரும் வேறு சிலரும் மறுத்தனர். 1831 செப்டம்பரில் பதினொருவருக்கு நான்கு ஆண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. மாநிலத்தின் சட்டத்துக்குக் கட்டுப்பட ஒப்புக்கொண்டால் மன்னிப்பு உண்டு என்று ஆளுநர் கூறினார். ஒன்பது பேர் அதை ஏற்று வெளியேறினர். வூஸ்டரும் மருத்துவரான எலைசர் பட்லரும் ஏற்கவில்லை, சிறைக்குச் சென்றனர்.

வழக்கு உச்சநீதிமன்றத்துக்குச் சென்றது. ஜார்ஜியா மாநிலம் அங்கே வழக்கறிஞரைக் கூட அனுப்பவில்லை. இந்நீதிமன்றத்துக்குத் தன்னை விசாரிக்கும் உரிமை இல்லை என்பதே அதன் நிலைப்பாடு. 1832 மார்ச் 3-ஆம் நாள் மார்ஷல் தீர்ப்பளித்தார். செரோக்கியர் தனித்த ஓர் அரசியல் சமுதாயம். அவர்கள் நிலத்தில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது. மறைப்பணியாளர்களுக்கு விதித்த தண்டனையும் செல்லாது.

தீர்ப்பு வந்தது, சிறைக் கதவு திறக்கவில்லை. ஜார்ஜியா அந்த ஆணையை ஏற்கவே இல்லை. “மார்ஷல் தீர்ப்புக் கூறிவிட்டார், இனி அவரே அதை நிறைவேற்றிக்கொள்ளட்டும்” என்று ஜாக்சன் சொன்னதாக ஒரு கூற்று உலகெங்கும் வழங்குகிறது. அவர் அவ்வாறு சொன்னதற்குச் சான்று இல்லை. அவர் மறைந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, 1864-இல் வெளிவந்த ஒரு நூலில்தான் அது முதலில் காணப்படுகிறது. தீர்ப்பின் ஆணையும் ஜார்ஜியாவின் நீதிமன்றத்துக்கே இடப்பட்டிருந்தது. குடியரசுத் தலைவருக்கு நேரடியாக எதுவும் ஆணையிடப்படவில்லை. இவற்றை நாம் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். ஆனால் 1832 ஏப்ரலில் நண்பர் ஒருவருக்கு எழுதிய மடலில், அத்தீர்ப்பு உயிரற்றுப் பிறந்த குழந்தை என்னும் பொருள்பட அவர் எழுதியது உறுதி. ஜார்ஜியாவைப் பணியவைக்க நீதிமன்றத்தால் இயலாது என்பதைக் கண்டு அவர் வருந்தவில்லை.

சிறையிலிருந்த இருவரும் 1833 ஜனவரியில் விடுவிக்கப்பட்டனர். அது தீர்ப்புக்குப் பணிந்து நடந்த விடுதலையன்று. தெற்குக் கரோலினா மாநிலம், மைய அரசின் வரிச்சட்டம் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று அப்போது கிளர்ந்தெழுந்திருந்தது. ஜார்ஜியாவும் அதனுடன் சேர்ந்துவிடக் கூடாது என்ற அரசியல் கணக்கினால் சமரசம் பேசப்பட்டது, மறைப்பணியாளர்கள் வழக்கை மேலும் நடத்துவதில்லை என்றனர், ஆளுநர் விடுவித்தார். மைய அரசின் சட்டத்தை எந்த மாநிலமும் மீறலாகாது என்று 1832 டிசம்பரில் தெற்குக் கரோலினாவுக்கு முழங்கியவர் இதே ஜாக்சன்தான். தனக்கு வேண்டிய சட்டம் மீறப்பட்டபோது அவருக்குச் சட்டத்தின் மேன்மை தெரிந்தது.

செரோக்கியரின் நிலத்தை ஜார்ஜியா சீட்டுக் குலுக்கித் தன் குடிகளுக்குப் பங்கிட்டது. 1835 டிசம்பரில் அம்மக்களுள் ஒரு சிறு குழுவினர் மட்டும் கையொப்பமிட்ட ஓர் உடன்படிக்கையை, அமெரிக்க மேலவை தேவையான பெரும்பான்மைக்கு மேல் ஒரே ஒரு வாக்கு மிகுதியாகப் பெற்று ஏற்றது. 1838-இல் படைவீரர்கள் வந்தனர். வீடுகளிலிருந்து மக்களை இழுத்து வந்து முகாம்களில் அடைத்தனர். பிறகு ஏறத்தாழ ஆயிரம் கல் தொலைவுக்கு, மேற்கே ஓக்லஹோமா நிலத்துக்கு அனுப்பினர். முகாம்களிலும் வழியிலும் நோயாலும் குளிராலும் மடிந்தவர்கள் நாலாயிரம் பேர் வரை இருக்கும் என்பது பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடு. அந்தப் பயணத்தை வரலாறு கண்ணீர்ப் பாதை என்று அழைக்கிறது. வூஸ்டர் அவர்களுக்கு முன்பே மேற்கே சென்று அச்சகம் நிறுவினார். 1859-இல் இறக்கும் வரை அம்மக்களோடே இருந்தார்.

இரண்டு மீறல்கள்

இந்த வரலாற்றில் மறுப்பவர்கள் இரு சாரார். வூஸ்டர் ஜார்ஜியாவின் சட்டத்துக்குக் கீழ்ப்படிய மறுத்தார். ஜார்ஜியா அரசு உச்சநீதிமன்றத்துக்குக் கீழ்ப்படிய மறுத்தது. இரண்டுமே மீறல்தான். ஒன்றை நாம் மதிக்கிறோம், மற்றொன்றை வெறுக்கிறோம். நம் உள்ளம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்து மீறலை மட்டும் பாராட்டுகிறோம் என்று ஒருவர் குற்றம் சாட்டினால் என்ன விடை கூறுவது? “எனக்கும் மனச்சான்று உண்டு, நீதிமன்றம் கூறுவது அநீதி என்று நான் மனமார நம்புகிறேன், அநீதியான சட்டத்துக்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை என்று உங்கள் இறையியலாளர்களே கூறவில்லையா?” என்று ஓர் ஆட்சியாளர் கேட்டால் என்ன செய்வது?

இக்கேள்வியை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆயினும் இரண்டு மீறல்களுக்கும் இடையே அடிப்படையான ஒரு வேறுபாடு உண்டு. மீறலின் விலையை யார் கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். வூஸ்டர் தம் மறுப்புக்குத் தம் உடலையே விலையாகக் கொடுத்தார். மன்னிப்புக் காத்திருந்தும் சிறைக்குள் நடந்தார். ஜார்ஜியாவின் ஆளுநர் தம் மறுப்புக்கு எதையும் கொடுக்கவில்லை. அதற்கான விலையை வூஸ்டரும் பட்லரும் கொடுத்தார்கள். பிறகு ஒரு மக்களினம் முழுவதும் கொடுத்தது.

மனச்சான்றின் பெயரால் மறுக்கும் குடிமகன், மறுப்பின் விளைவைத் தானே ஏற்கிறான். அதனால் அவன் சட்டத்தை எதிர்க்கும் போதும் சட்டத்தின் ஆட்சியை மதிக்கிறான். ஆட்சியாளருடைய நிலை வேறு. அவர் மறுக்கும்போது அவரைச் சிறையில் இடும் கை அவருடைய கையாகவே இருக்கிறது. ஆகவே அவருடைய மறுப்பில் தியாகம் என்பது இல்லை. பிறர் மேல் சுமை ஏற்றுவதே இருக்கிறது. தீர்ப்பை நிறைவேற்றத் தம் மனச்சான்று உண்மையாகவே இடம் தராது என்று கருதும் ஆட்சியாளருக்கு ஒரு வழி எப்போதும் திறந்திருக்கிறது. அவர் பதவி விலகலாம். அப்போது அவரும் தம் மறுப்புக்குரிய விலையைத் தாமே கொடுத்தவர் ஆவார். பதவியையும் வைத்துக்கொண்டு, தீர்ப்பையும் மீறிக்கொண்டு, மனச்சான்று என்ற சொல்லையும் எடுத்தாள்வது பொருந்தாது.

இன்னொன்றும் உண்டு. “சரியான தீர்ப்பாக இருந்தால் பணிவேன்” என்று கூறும் அரசு உண்மையில் எத்தீர்ப்புக்கும் பணிவதில்லை. அது தன் கருத்தோடு ஒத்துவரும் தீர்ப்புகளை ஆதரிக்கிறது, அவ்வளவே. தன் வழக்கில் தானே நீதிபதியாக அமரக் கூடாது என்பது எல்லா நாட்டு அறநெறியும் ஒப்புக்கொண்ட ஒன்று. தீர்ப்புச் சரியா தவறா என்பதைத் தோற்றவரே முடிவு செய்வதாக இருந்தால், வழக்கு மன்றத்துக்குச் சென்றதே வீண்.

நீதிமன்றம் தவறினால்?

நீதிபதிகளும் மனிதர்களே. அவர்கள் தவறுவது உண்டு. சில வேளைகளில் கொடுமையாகவே தவறுவார்கள். 1857-இல் அதே அமெரிக்க உச்சநீதிமன்றம், ட்ரெட் ஸ்காட் என்ற அடிமையின் வழக்கில், கறுப்பின மக்கள் அந்நாட்டின் குடிமக்களாக இருக்க இயலாது என்று தீர்ப்பளித்தது. இத்தகைய தீர்ப்புக்கும் பணிய வேண்டுமா?

அப்போது பதவி எதிலும் இல்லாதிருந்த ஆபிரகாம் லிங்கன் கூறிய விடை இன்றும் எண்ணிப் பார்க்கத்தக்கது. அந்த வழக்கில் அந்த மனிதரைப் பற்றிக் கூறப்பட்ட முடிவை வன்முறையால் எதிர்க்கமாட்டோம். ஆனால் அதை நாட்டின் நிலையான கொள்கையாக ஏற்கவும் மாட்டோம். அது தவறு என்று உரக்கச் சொல்வோம். நீதிமன்றமே அதை மாற்றிக்கொள்ளுமாறு செய்ய முயல்வோம் என்பது அவர் நிலைப்பாடு. அந்தத் தீர்ப்பு இறுதியில் அரசியலமைப்புத் திருத்தங்களால் வீழ்ந்தது. 1865-ஆம் ஆண்டுத் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. 1868-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்நாட்டில் பிறந்த அனைவரையும் குடிமக்கள் ஆக்கியது. அதற்கு முன் ஒரு கொடிய உள்நாட்டுப் போர் நடக்க வேண்டியிருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அதே லிங்கன் ஆட்சிக்கு வந்தபின் ஒருமுறை நீதிபதியின் ஆணைக்குப் பணியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1861-இல் போர் மூண்ட நிலையில், படையினர் பிடித்து வைத்திருந்த மெரிமன் என்பவரைக் கொணர்ந்து நிறுத்துமாறு தலைமை நீதிபதி டேனி ஆணையிட்டார்; படைத்தலைவர் மறுத்தார்; லிங்கன் அம்மறுப்புக்குத் துணைநின்றார். மேலே கூறிய வாதத்துக்கு இது இடையூறான சான்றே. லிங்கன் தம் செயலை மறைக்கவில்லை. அவ்வாண்டு ஜூலை 4-ஆம் நாள் மக்கள் பிரதிநிதிகளின் மன்றத்தின் முன் அதை வைத்து விளக்கம் கூறினார். 1863-இல் அம்மன்றம் சட்டம் இயற்றி அந்த அதிகாரத்தை அளித்தது. இவை அவருடைய குற்றத்தைக் குறைக்கலாம். முற்றிலும் துடைத்துவிடும் என்று கூறத் துணிய இயலவில்லை. போர் முடிந்த பின், 1866-இல், குடிமை நீதிமன்றங்கள் திறந்திருக்கும் இடத்தில் குடிமக்களைப் படை நீதிமன்றம் விசாரிக்கலாகாது என்று உச்சநீதிமன்றம் வரையறுத்தது. நல்லவர் ஒருவர் பெரும் நெருக்கடியில் எடுத்துக்கொண்ட விதிவிலக்கை, பின்னால் வருவோர் நெருக்கடியே இல்லாமல் எடுத்துக்கொள்வார்கள் என்னும் அச்சம் அந்தத் தீர்ப்பின் உள்ளே இருக்கிறது. அந்த அச்சம் நியாயமானதே.

தீர்ப்பு தவறு என்று கருதும் அரசுக்கு அறநெறியோடு கூடிய வழிகள் பல உண்டு. மேல்முறையீடு செய்யலாம். மறு ஆய்வு கோரலாம். சட்டமன்றத்தில் புதிய சட்டம் கொண்டுவரலாம். அரசியலமைப்பைத் திருத்த மக்களின் இசைவைத் தேடலாம். தீர்ப்பைக் கண்ணியமாகக் குறைகூறலாம். இவ்வழிகள் எல்லாம் நீண்டவை. ஆனால் இவை அனைத்திலும், நடக்கும் வரை தீர்ப்பு மதிக்கப்படுகிறது. தீர்ப்பால் பயன்பெற வேண்டியவன் கைவிடப்படுவதில்லை.

பிடிக்காத தீர்ப்புக்குப் பணிதல்

1954-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம், பள்ளிகளில் நிறத்தால் பிரித்து வைப்பது அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. 1957 செப்டம்பரில் ஆர்க்கன்சாஸ் மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில், ஒன்பது கறுப்பின மாணவர்கள் உயர்நிலைப் பள்ளிக்குள் நுழையாதவாறு ஆளுநர் ஃபாபஸ் மாநிலக் காவற்படையை நிறுத்தினார். நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஜார்ஜியாவில் எழுந்த அதே கேள்வி மீண்டும் எழுந்தது. இம்முறை குடியரசுத் தலைவராக இருந்தவர் ஐசனோவர். 1954-ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தாம் ஆதரிக்கிறாரா என்று வெளிப்படையாகக் கூற மறுத்து வந்தவர் அவர். ஆயினும் செப்டம்பர் 24-ஆம் நாள் அவர் படைவீரர்களை அனுப்பினார். தீர்ப்பைப் பற்றிய தனிப்பட்ட கருத்துக்கும் அதை நிறைவேற்றும் கடமைக்கும் தொடர்பில்லை என்று நாட்டு மக்களிடம் விளக்கினார். மறுநாள் அந்த ஒன்பது மாணவர்களும் பள்ளிக்குள் சென்றனர். அடுத்த ஆண்டு, இம்மாநிலத்தைக் குறித்தே வந்த வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் தனித்தனியே பெயரிட்டு, உச்சநீதிமன்றத்தின் விளக்கம் மாநில அரசுகள் அனைத்தையும் கட்டுப்படுத்தும் என்று ஒருமுகமாக உரைத்தனர்.

மார்ஷலிடம் இருந்த தாளும் கையொப்பமுமே 1954-ஆம் ஆண்டு நீதிபதிகளிடமும் இருந்தன. வேறுபாடு, வாளை வைத்திருந்தவரின் உள்ளத்தில் இருந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். நாட்டிலுள்ள குடிமை அதிகாரிகளும் நீதித்துறை அதிகாரிகளும் உச்சநீதிமன்றத்துக்குத் துணையாகச் செயற்பட வேண்டும் என்று நம் அரசியலமைப்பின் 144-ஆம் பிரிவு கூறுகிறது. ஆணையை மீறுவோரை அவமதிப்புக் குற்றத்துக்காகத் தண்டிக்கும் அதிகாரமும் நீதிமன்றத்துக்கு உண்டு. எனினும் அது எவ்வளவு தூரம் எட்டும்? அயோத்தியில் அரசு கையகப்படுத்திய நிலத்தில் நிலையான கட்டுமானம் எழுப்பலாகாது என்ற நீதிமன்ற ஆணை 1992 ஜூலையில் மீறப்பட்டது. அதற்குப் பொறுப்பாக, உத்தரப் பிரதேசத்தின் முதலமைச்சராக இருந்த கல்யாண் சிங்குக்கு 1994 அக்டோபர் 24-இல் உச்சநீதிமன்றம் ஒரு நாள் சிறையும் இரண்டாயிரம் ரூபாய் அபராதமும் விதித்தது. ஓர் ஆட்சியாளர் தம் மீறலுக்கு விலை கொடுத்த அரிய நிகழ்ச்சி இது. கொடுத்த விலை ஒரு நாள். தண்டனையின் அச்சம் ஒன்றினாலேயே அரசுகளைப் பணியவைக்கலாம் என்று நம்புவோர் இதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

வெளிப்படையாக மீறும் அரசுகள் குறைவு. பணிவதைப் போல நடித்துக்கொண்டே மீறுவது பரவலானது. கோப்பைக் கிடப்பில் போடுவது. ஆணையின் எழுத்தை நிறைவேற்றி அதன் கருத்தைக் கொன்றுவிடுவது. வெற்றிக்கு வாய்ப்பில்லை என்று தெரிந்தே மேல்முறையீடு செய்து காலத்தைக் கடத்துவது. ஓய்வூதியம் வழங்குமாறு கூறும் தீர்ப்பின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலகப் படிகளில் ஏறி இறங்கும் முதியவரை நாம் அறிவோம். இழப்பீடு கொடுக்கச் சொன்ன தீர்ப்பு வந்தபின்னும் கொடுக்கப்படாமலேயே கண்மூடிய உழவரையும் அறிவோம். அரசியலமைப்பைப் பற்றிய பெரிய சொற்கள் எல்லாம் இறுதியில் இவர்களிடம்தான் வந்து சேர்கின்றன. தீர்ப்பு என்பது எளியவனிடம் அரசு கொடுத்திருக்கும் ஒரு வாக்குறுதி. அதை நம்பியே அவன் வழக்காடுகிறான். கையில் கல்லை எடுக்காமல் மனுவை எடுக்கிறான். அந்த நம்பிக்கை முறிந்தால் அவன் வேறு எதை எடுப்பான் என்று ஆட்சியில் இருப்போர் எண்ண வேண்டும்.

தென்னாப்பிரிக்கா தரும் பாடம்

இறுதியாக ஒரு நிகழ்ச்சி. நிறவெறி ஆட்சி வீழ்ந்து, 1994-இல் நெல்சன் மண்டேலா தென்னாப்பிரிக்காவின் குடியரசுத் தலைவரானார். மறு ஆண்டு உள்ளாட்சித் தேர்தல்களை நடத்த வேண்டியிருந்தது. இடைக்கால உள்ளாட்சிச் சட்டத்தைத் தம் பிரகடனத்தினாலேயே திருத்தும் அதிகாரத்தை நாடாளுமன்றம் அவருக்கு வழங்கியிருந்தது. அதைக் கொண்டு அவர், மாகாணங்களிடம் இருந்த சில அதிகாரங்களை மைய அரசுக்கு மாற்றினார். மேற்குக் கேப் மாகாண அரசு இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. அம்மாகாணத்தில் ஆட்சியில் இருந்தது தேசியக் கட்சி; நிறவெறிக் கொள்கையை நாட்டின் மேல் சுமத்திய அதே கட்சி. வழக்கை விசாரித்த அரசியலமைப்பு நீதிமன்றத்தின் தலைவர் ஆர்தர் சாஸ்கல்சன். 1963-64-இல் மண்டேலாவுக்காக வாதாடிய வழக்கறிஞர் குழுவில் இருந்தவர். மண்டேலாவே அப்பதவிக்கு அமர்த்தியவர்.

1995 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தும் தன் அதிகாரத்தை இவ்வாறு குடியரசுத் தலைவரிடம் ஒப்படைக்க இயலாது. ஆகவே அந்தப் பிரகடனங்கள் செல்லா. பழைய ஒடுக்குமுறையாளர்கள் வென்றனர். விடுதலைப் போராட்டத்தின் தலைவர் தோற்றார். அவர் பின்னே மாபெரும் மக்கள் ஆதரவு இருந்தது, தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது, எதிரியின் கடந்த காலத்தைச் சுட்டிக்காட்டினாலே போதும், உலகமே அவர் பக்கம் நின்றிருக்கும். அவரோ தீர்ப்பைத் தாம் ஏற்பதாக உடனே மக்களுக்கு அறிவித்தார். அரசியலமைப்பை மதிப்பதில் குடியரசுத் தலைவரே முதல்வராக இருக்க வேண்டும் என்பதை உணர்த்தினார். நீதிமன்றம் கொடுத்த தவணைக்குள் குறையைச் சரிசெய்ய நாடாளுமன்றம் கூட்டப்பட்டது.

இந்த மனிதர் முன்பு சட்டத்தை மீறியவர் என்பதை நாம் மறக்கலாகாது. ஒடுக்கும் சட்டங்களுக்குப் பணிய மறுத்தார். அதற்காக இருபத்தேழு ஆண்டுகள் சிறையில் இருந்தார். குடிமகனாக மறுத்தபோது விலையைத் தாமே கொடுத்தார். ஆட்சியாளராக ஆனபின், தம் மறுப்பின் விலையை இனிமேல் பிறர்தான் கொடுக்க நேரும் என்று அறிந்து, பணிந்தார். இரண்டும் ஒரே மனச்சான்றின் செயல்கள்தாம்.

1992-ஆம் ஆண்டு, ஜார்ஜியா மாநிலம் சாமுவேல் வூஸ்டருக்கும் எலைசர் பட்லருக்கும் முறைப்படி மன்னிப்பு வழங்கியது. அவர்கள் குற்றவாளிகள் அல்லர் என்று உச்சநீதிமன்றம் கூறி அப்போது நூற்றறுபது ஆண்டுகள் ஆகியிருந்தன. மன்னிக்கும் இடத்தில் இருந்தவர் யார், மன்னிக்கப்பட வேண்டியவர் யார் என்ற கேள்வி ஒருபுறம் இருக்கட்டும். 1832 மார்ச் மாதத்தில் ஓர் ஆளுநர் ஒரு தாளுக்கு மதிப்பளித்துச் சிறைக் கதவைத் திறந்திருந்தால், குடியரசுத் தலைவர் ஒருவர் அவ்வாறு செய்க என்று வற்புறுத்தியிருந்தால், அந்தப் பாதையில் மடிந்த முதியவர்களும் குழந்தைகளும் தங்கள் வீடுகளிலேயே வாழ்ந்திருக்கக் கூடும். நம்மை ஆள்வோரைத் தேர்ந்தெடுக்கும்போது, அவர்கள் நமக்கு என்ன தருவார்கள் என்று கேட்கிறோம். தமக்கு எதிராகத் தீர்ப்பு வந்தால் இவர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்கப் பழகுவோம்.